நீ பால் குடித்த சங்கு

தம்பி,

உன்னுடைய கடிதம் திங்கட்கிழமை வந்தது. தபால்காரர் எங்கள் வாழைத்தோட்டத்து வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "ஐயா, லண்டன் காகிதம்!" என்று நீர்வேலி ஊர் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். அம்மா அடுப்பில் இருந்த சோற்றை மறந்துவிட்டு ஓடி வந்தாள். நான் வாசிக்க அவள் கேட்டாள். பாதி வரை நன்றாகத்தான் வாசித்தேன். நேர்முகத்தில் நீ சொன்ன பதிலை எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். தூசி என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அம்மா தூசியை நம்பவில்லை. மகனை நினைத்துப் பெருமைப்பட்டு மனுசன் அழுகிறார் என்று நினைத்திருப்பாள். மூன்று நாளாகப் பதில் எழுத உட்காருகிறேன், எழும்புகிறேன். இன்றைக்கு மத்தியானத் தபாலில் போடாவிட்டால் உங்கள் கப்பல் கேப்டவுனில் நிற்கும் நாளுக்கு இது வந்து சேராது. அதற்குப் பிறகு உனக்குத் தபாலே கிடையாது, பனிக்கடல்தான். ஆகவே இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும்.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பார்ப்போம். தென்துருவத்துக் கடலில் திமிங்கில வேட்டை மிஞ்சிப் போனதால், பல தேசத்தார் லண்டனில் ஒரு மேசையில் கூடி ஒப்பந்தம் எழுதி ஒப்பம் வைத்திருக்கிறார்கள். சிலர் வைக்காமலும் விட்டிருக்கிறார்கள். குறித்த நீளத்துக்குக் குறைந்த திமிங்கிலத்தைக் கொல்லக்கூடாது. கன்றையும் கன்றோடு போகும் தாயையும் தொடக்கூடாது. வருடத்தில் குறித்த சில மாதங்களுக்கு மேல் வேட்டை இல்லை. அதைப் பார்த்து எழுத ஒவ்வொரு கப்பலிலும் அரசாங்கத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் ஏறவேண்டும். அந்த இன்ஸ்பெக்டருக்கு உதவியாக, நாடா பிடித்து அளந்து எழுதும் உத்தியோகம் உனக்கு. விலங்கியல் படிக்க அனுப்பிய பிள்ளை அளவு வேலைக்குப் போகிறான் என்று கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. யாருடைய நிலமும் இல்லாத, யாருடைய பொலிசும் இல்லாத ஒரு கடலுக்கு மனிதர்கள் சட்டம் எழுதியிருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம். ஆனால் அங்கே அந்தச் சட்டத்துக்கு இருக்கிற கை உன்னுடைய கை ஒன்றுதான்.

நேர்முகத்துக்கு இருந்த துரைமார், இந்த வேலைக்கு உனக்கு என்ன தகுதி என்று கேட்க, "என்னுடைய தகப்பனார் சங்கு அளந்தவர், உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க ஒரு சின்னச் சங்கைக்கூடக் கரையேற விடாதவர், அவரிடம் பழகியவன் நான்" என்று நீ சொன்னாயாம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்களாம். உத்தியோகம் கிடைத்ததே அந்த ஒரு பேச்சினால்தான் என்று எழுதியிருக்கிறாய். அதோடு, கப்பல் காப்டன் தேநீர் குடிக்கும்போது சிரித்துக்கொண்டு சொன்னதையும் எழுதியிருக்கிறாய். நாடாவை நேராக இழுக்காமல் திமிங்கிலத்தின் உடம்பு வளைவோடு விட்டால் ஒரு அடி கூடும், ஒருவருக்கும் நட்டமில்லை, எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்குப் போகலாம் என்றாராம். இன்ஸ்பெக்டர் வயதானவர், காதில் விழாதவர்போல் இருந்துவிட்டாராம். "அப்பா, உங்களிடமும் இப்படி யாராவது கேட்டிருப்பார்கள்தானே? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று முடித்திருக்கிறாய்.

நான் சமாளிக்கவில்லை, ராசா. இதுதான் என் பதில். இதைச் சொல்லாமல் உன்னைப் பனிக்கடலுக்கு அனுப்பினால் நான் தகப்பனே இல்லை.

உனக்கு முன் ஒரு பெண்பிள்ளை பிறந்து பதினொரு நாளில் போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். அவளுக்குப் பால் பருக்கிய சங்கையும் அவளோடு வைத்துத்தான் புதைத்தோம். அது உனக்குத் தெரியாது, அம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. பிறகு நீ ஏழு மாதத்தில் பிறந்தாய். என் ஒரு உள்ளங்கைக்குள் உன் முதுகு அடங்கியது. முலை பிடித்து உறிஞ்ச உனக்குப் பலமில்லை. பீய்ச்சிய பாலைக் கரண்டியால் கொடுத்தால் புரையேறி நீலம் பாரித்தாய். துணித்திரி நனைத்து வைத்தால் அதை உறிஞ்சவும் உனக்குத் தெரியவில்லை. சங்கின் மெல்லிய மூக்கால் சொட்டுச் சொட்டாக விட்டால்தான் இப்படிப்பட்ட பிள்ளை குடிக்கும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாள். வீட்டில் சங்கில்லை. பெரியம்மாவின் சங்கு கொடிகாமத்தில் அவளுடைய மச்சாள் வீட்டுப் பிரசவத்துக்குப் போயிருந்தது. அந்த மச்சாளும் தன் இரண்டாம் பிள்ளைக்குப் பருக்கிக்கொண்டிருந்தாள், கேட்க முடியுமா? முன்னொரு காலம் வீட்டுக்கு வீடு பாற்சங்கு இருந்தது. சின்னச் சங்கு எடுக்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு புதுச்சங்கு வருவது நின்றுபோயிற்று. பாற்சங்குக்கு வேண்டியது சட்டம் விலக்கிய அந்தச் சின்னச் சங்குதானே!

பெரியம்மாவின் வாய் உனக்குத் தெரியும். நான் தீவுப்பக்கத்துக் கரையில் வேலைக்குத் திரும்பப் புறப்படும்போது வாசற்படலையில் நின்று சொன்னாள்: "ஊரிலை உள்ள சங்கெல்லாம் உந்த மனுசன்ரை கையாலைதான் போகுது. பெத்த பிள்ளைக்குப் பால் பருக்க ஒரு சங்கில்லை. நல்ல உத்தியோகம்!" அம்மா உள்ளே படுத்திருந்தாள். "கெதியா வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

என் வேலை எப்படியென்று நீ கண்டிருக்கிறாய், ஆனாலும் சொல்கிறேன். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் சங்குகளை மணலில் கொட்டுவார்கள். நான் பித்தளை வளையத்தோடு ஸ்டூலில் இருப்பேன். ஒவ்வொரு சங்கையும் வளையத்துக்குள் விடுவேன். விழாமல் நின்றால் கரைக்கு, விழுந்தால் கடலுக்கு. விழுந்ததைக் கூடையில் சேர்த்து, உயிரோடு இருக்கும்போதே திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். அன்றைக்கு முருகேசு சம்மாட்டியின் வள்ளம்தான் முதலில் வந்தது. அந்தக் கரையில் அவரைப்போல மூச்சடக்கிச் சங்கு குளிக்க ஆளில்லை. அவர் கொட்டிய குவியலில் ஒரு சின்னச் சங்கு கிடந்தது. பழுப்புத் தோலுக்குள் வெள்ளை தெரிய, மூக்கு நீண்டு, என் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிடிக்கும் அளவில். வளையத்துக்குள் விட்டேன், தொடாமல் விழுந்தது. கூடைக்குள் போடவேண்டிய கையை மடிக்குக் கொண்டுபோனேன்.

முருகேசு கண்டுவிட்டார். கடலுக்கடியில் கலங்கல் தண்ணீரில் சங்கைக் காண்கிற கண் அது, தப்புமா? "என்ன ஐயா, மடியிலை? வெத்திலையோ?" என்று சிரித்தார். "ஓம், ஓம்" என்று நானும் சிரித்தேன். அவ்வளவுதான். ஒரு மிரட்டல் இல்லை, ஒரு குத்தல் இல்லை. அவருக்குச் சிரிப்பு, எனக்குப் பொய். மணலில் புதைத்து இரண்டு மூன்று நாள் விட்டால் உள்ளே இருக்கும் தசை தானாகக் கழன்றுவிடும். எனக்கு இரண்டு நாள் இல்லை. என்னுடைய அறையில் சட்டியில் தண்ணீர் வைத்து உயிரோடு அவித்தேன். கம்பியால் சுரண்டி, உப்புப் போட்டுக் கழுவி, மூக்கைக் கல்லில் தேய்த்து மழுக்கினேன். அடுத்த நாள் தோணியில் ஏறி, வண்டி பிடித்து, நீர்வேலிக்கு வந்து சேர்ந்தபோது உன் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அம்மா சங்கை வாங்கி, பாலைப் பீய்ச்சி, உன் வாயோரத்தில் ஒரு சொட்டு விட்டாள். நாக்கை நீட்டி நக்கினாய். இரண்டாவது சொட்டு. மூன்றாவது சொட்டுக்கு நீயே வாயைத் திறந்தாய். பெரியம்மா, "குடிக்கிறானடி! உவன் குடிக்கிறான்!" என்று கத்திவிட்டு விறாந்தைக்குப் போய் அழுதாள்.

ஆகவே அந்தச் சங்குக்காக நான் வருந்துகிறேன் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். நாளைக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் எடுப்பேன். என் பிழை அதில்லை. எங்கள் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரர், கடுகடுத்த மனுசன்தான், ஆனால் அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. "துரை, என் பிள்ளை சாகக் கிடக்கிறான், ஒரு சின்னச் சங்கு வேண்டும், ஏட்டில் எழுதி எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருந்தால் தந்திருப்பார். தராவிட்டால்கூட, கேட்டுவிட்டு எடுத்தவன் என்று நிமிர்ந்து நின்றிருப்பேன். கேட்க வெட்கப்பட்டேன். மடியில் ஒளித்தேன். ஒளித்த அந்த நிமிடத்தோடு என் வாயை நானே கட்டிக்கொண்டேன், அதுதான் பிழை.

நீ பிழைத்துக்கொண்ட பிறகு கரைக்குத் திரும்பினேன். ஒரு கிழமை சென்றிருக்கும். முருகேசு நாலைந்து சின்னச் சங்குகளைத் தனியே எடுத்து என் முன்னால் வைத்தார். "ஐயா, எங்கடை வீடுகளிலையும் பிள்ளையள் பிறக்குதுகள்தானே" என்றார். அதே சிரிப்பு. அதில் நியாயமும் இருந்தது. என் பிள்ளை மட்டும்தான் பிள்ளையா? கண்டும் காணாமல் விட்டேன். அடுத்த வள்ளத்தார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் வைத்தார்கள். பிறகு பிள்ளைப்பேற்றின் பெயரைச் சொல்வதும் நின்றது, சங்கு மட்டும் வந்தது. சின்னச் சங்கு டாக்காவுக்கு மோதிரம் அறுக்கப் போகுமாம், அங்கே அதற்கும் ஆட்கள் இருந்தார்கள். நான் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வளையத்தைச் சற்றுச் சரித்துப் பிடித்தால் சின்னச் சங்கும் விளிம்பில் தட்டி நிற்கும். பார்க்கிறவனுக்கு நான் அளக்கிறேன். நின்றது, கரைக்கு. ஏட்டில் எல்லாச் சங்கும் சரியளவு. துரை வந்து ஏட்டைப் புரட்டிப் பார்த்து, கரையிலேயே சுத்தமான கணக்கு என்னுடையது என்று தோளில் தட்டினார். உன் நேர்முகப் பதிலில் நான் ஏன் நிறுத்தினேன், உங்கள் காப்டன் சொன்ன நாடா வளைவு எனக்கு ஏன் சுட்டது என்று இப்போது விளங்கும்.

மூன்று வருடம். மூன்றே வருடத்தில் கரையோரத் தரை வெறுமையாகிவிட்டது. வள்ளத்தார் இரண்டு பாகம், இரண்டு ஆள் உயரம், ஆழம் கூடப் போனார்கள், பிறகு நாலு பாகம். முன்பு காலையில் போய் வெயில் ஏற முதல் திரும்பி வந்தவர்கள், பின்னேரம்தான் வந்தார்கள், பாதிக் கூடையோடு. ஒரு நாள் முருகேசுவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மணலில் இருத்தினார்கள். இரண்டு காதாலும் இரத்தம். ஆழத்தில் ஏதோ வெடித்ததுபோலச் சத்தம் கேட்டதாம், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லையாம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்து விட்டார்கள். காது சரியாகத் திரும்பி வரவில்லை; பிற்காலத்தில் பக்கத்தில் நின்று கத்தினால் மட்டும் கொஞ்சம் விழும். உனக்கு அப்போது நாலு வயது இருக்கும். நான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகச் சொன்னார்: "ஐயா, நீங்கள் அண்டைக்கு என்னை ஏசியிருக்கலாம்."

கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன், தம்பி. அன்பாகச் சொன்னார். நான் ஏசியிருந்தால் தன் பாட்டில் கூடையில் போட்டிருப்பாராம். சின்னச் சங்கைக் கொண்டுவந்த முதல் நாள் தானே பயந்து பயந்துதான் வைத்ததாகச் சொன்னார். நான் ஏசுவேன் என்று எதிர்பார்த்துத்தான் வைத்தாராம்.

அதற்குப் பிறகு வளையத்தை நேரே பிடித்தேன். நீ வளர்ந்து, விடுமுறைக்கு என்னோடு கரைக்கு வந்து கண்ட அப்பா அந்த அப்பாதான். நீ கண்டது பொய்யில்லை, ஆனால் பாதி. வள்ளத்தார் என்னைத் திட்டினார்கள், என் ஸ்டூலைத் தூக்கிக் கடலில் எறிந்தார்கள், நான் நின்றுகொண்டு அளந்தேன். கரையோரத் தரையைச் சில வருடம் மூடிவைக்கச் சொல்லித் துரைக்கு எழுதினேன். அவர் காரணம் கேட்டார். அங்கேதான் என் இரண்டாவது பிழை. சங்கு ஏன் குறைந்தது என்ற இடத்தில் "நீரோட்டம் மாறியது" என்று எழுதினேன். என் கையெழுத்தில், கீழே என் பெயரோடு. அரசாங்கக் கச்சேரியில் இருந்த அதிகாரிகள் அதை நம்பினார்கள். அதற்குப் பிறகு வந்த அதிகாரிகளும் நம்பினார்கள். அளவை ஒழுங்காகப் பிடித்தும் சங்கு குறைகிறதென்றால் அளவுச் சட்டத்தால் பயன் என்ன என்று ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். பார், என் பொய்யினால் சட்டத்துக்குப் பழி வந்தது. அந்தக் காகிதம் இன்றைக்கும் எங்கோ ஒரு அலுமாரியில் கிடக்கும். நான் செத்த பிறகும் யாராவது அதை எடுத்து வாசித்து, நீரோட்டத்தைக் குற்றம் சொல்லுவார்கள்.

உனக்கு ஒன்பது வயதில் அந்தக் கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது நினைவிருக்கிறதா? குட்டி என்றார்கள், எங்களுக்கு அது மலையாகத் தெரிந்தது. நீ கிணற்றுக் கயிற்றைக் கொண்டு ஓடி, வாலிலிருந்து மூக்குவரை அளந்தாய். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, உது எங்கடை வளையத்துக்கை விழுமோ?" என்று கேட்டாய். கரை முழுக்கச் சிரித்தது. முருகேசுவுக்கு நீ கேட்டது கேட்கவில்லை, யாரோ கைச்சாடையால் விளக்கினார்கள். அவர் உன் தலையைத் தடவி, "ஐயாவைக் கேள் தம்பி, அளக்கிறது அவர்தானே" என்றார். நான் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காதது என் அதிர்ஷ்டம் என்று பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மூன்று நாளாக இன்னொன்றையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் உனக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. என் வளையத்தில் விழுந்த சங்கு உயிரோடு இருந்தது, திரும்பக் கடலுக்குப் போயிற்று. உன் நாடாவுக்கு வரும் திமிங்கிலம் செத்துத்தான் வரும். மேல்தட்டில் கிடத்திய பிறகுதான் நீ அளப்பாய். குறைந்த அளவு என்று கண்டாலும், வயிற்றைக் கிழிக்கும்போது முலையில் பால் இருக்கக் கண்டாலும், அதைத் திருப்பி விட உன்னால் ஏலாது. செத்ததற்கு அளவெதற்கு, ஒரு அடி கூட்டி எழுதினால் என்ன என்று உனக்கே ஒரு நாள் தோன்றும். களைத்துப்போய், விரல் விறைத்து, எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தோன்றும். அப்போது இதை யோசி. சுட்டவன் பெயரோடு நீ உள்ளதை எழுதினால், அடுத்த முறை அவன் சுட முதல் ஒரு தரம் கூர்ந்து பார்ப்பான். அந்த அடுத்த திமிங்கிலத்துக்காகத்தான் நீ அளக்கிறாய். இன்னொன்று, மறுபடியும் அந்த மேசையில் கூடி, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, இன்னும் இறுக்க வேண்டுமா, தளர்த்தலாமா என்று பேசப்போகிறவர்கள் பனிக்கடலைக் கண்ணால் காணப்போவதில்லை. உன் ஏட்டைத்தான் காண்பார்கள். உன் ஏட்டில் எல்லாம் சரியளவு என்று இருந்தால், கடல் வெறுமையாகும்வரை அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். என் துரை இருந்ததைப்போல.

காப்டன் கெட்ட மனுசனாக இருக்கமாட்டார். அதையும் சொல்லிவைக்கிறேன். உன்னை மிரட்டுகிறவனிடம் நீ பணியமாட்டாய், பெரியம்மாவிடமே எதிர்த்துக் கதைத்த பிள்ளை நீ. உன்னைச் சிரிக்க வைக்கிறவனிடம் கவனமாக இரு. குளிருக்குத் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தருகிறவனிடம், பிள்ளையின் படத்தைக் காட்டி இந்தப் பயணத்தோடு ஊருக்குப் போய்விடுவேன் என்கிறவனிடம் கவனமாக இரு. சட்டையை வாங்கிப் போட்டுக்கொள், தேநீரைக் குடி, படத்தைப் பார்த்து நல்ல பிள்ளை என்று சொல். நாடாவை மட்டும் நேராகப் பிடி. அவர்களுக்கும் அதுதான் நல்லது. முருகேசுவுக்கு நான் செய்யாத நன்மை அது. உனக்கே என்றைக்காவது ஒன்று மீறவேண்டி வந்தால், மனுசர்தானே, வரலாம், அதை எல்லோர் முன்னாலும் கேட்டுச் செய், எழுதிவைத்துச் செய். மடியில் மட்டும் ஒளிக்காதே.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி, தோணி பிடித்து, முருகேசுவைப் பார்க்கப் போனேன். இந்தக் கதையில் அவருடைய காதும் இருக்கிறது, அவரைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு இருந்தார். காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன், "ஆ?" என்றார். கடைசியில் கைகளைக் குவித்துக் கத்தவேண்டியதாயிற்று: "நான் வளையத்தைச் சரிச்சுப் பிடிச்சதை மகனுக்கு எழுதப்போறன்!" வள்ளத்தில் நின்றவர்கள், மீன் விற்கும் பெண்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாக மென்று முழுங்கிய ரகசியம் இப்படிச் சந்தியில் போயிற்று! முருகேசு விழுந்து விழுந்து சிரித்தார். "உது இஞ்சை ஆருக்கு ஐயா தெரியாது?" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்கோ. என்ரை காதையும் சேர்த்து எழுதுங்கோ. பெடியன் பெரிய மீன் அளக்கப் போறானாம், கவனமாப் போட்டு வரச்சொல்லுங்கோ" என்றார். எனக்கு ஒரு பிடி கருவாடும் கட்டித் தந்தார்.

அம்மாவிடம் சொல்வதுதான் மிஞ்சியிருந்தது. அதை இன்று காலை சொன்னேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டு இருந்தாள். அந்தச் சங்கை அவள் சாமி அறையில், விபூதிக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று. வெள்ளிக்கு வெள்ளி துடைப்பாள். நான் ஆதியிலிருந்து சொல்லி முடிக்கும்வரை அவள் கை ஓயவில்லை. ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்கிற நரம்பை எடுத்து எறிந்துகொண்டே கேட்டாள். முடிந்த பிறகு கேட்டாள்: "அப்ப அண்டைக்கு நீங்கள் உதைக் கொண்டராட்டி இவன் இல்லை?"

"ஓம்" என்றேன்.

"அப்ப உந்தச் சங்குக்கு ஏன் தலையைக் குனியிறியள்? அதுக்குக் குனியாதேங்கோ. மிச்சச் சங்குகளுக்குக் குனியுங்கோ."

நான் மூன்று பக்கத்தில் எழுதியதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள், தம்பி. பிறகு எழும்பிப் போய்ச் சங்கை எடுத்துவந்தாள். தன் பழைய கூறைச் சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றினாள். "பேரப்பிள்ளைக்கெண்டு வைச்சது. அவன் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரட்டும். நேராக் கொண்டுவரச்சொல்லி எழுதுங்கோ" என்றாள். காதுக்குத் துணி கட்டாமல் மேல்தட்டில் நிற்கவேண்டாம் என்றும் எழுதச் சொன்னாள்.

நேர்முகத்தில் நீ சொன்னது இப்போது பொய்யாகிவிட்டதே என்று உனக்குத் தோன்றும். தோன்றினால் போய் அந்த இன்ஸ்பெக்டரிடம் உள்ளதைச் சொல். இந்தக் கடிதத்தையே மொழிபெயர்த்துச் சொன்னாலும் சரி. என் பெயரைக் காப்பாற்றவென்று நீ ஒன்றையும் மறைக்கவேண்டாம். மறைத்தால் அந்த இடத்தில் காப்டன் வந்து சிரிப்பார். உனக்கு என்மேல் கோபம் வந்தாலும் வரட்டும். நீ என்னை இனி எப்படி நினைப்பாய் என்ற பயத்தில்தான் மூன்று நாளும் பேனாவை வைத்து வைத்து எடுத்தேன். ஆனால் சரியான அப்பா என்று நினைத்து நீ அங்கே தனியாக நின்று தவறுவதைவிட, தவறிய அப்பா என்று தெரிந்து நீ நேராக நிற்பதே எனக்கு மேல்.

பார்சலில் இரண்டு பொருள் வருகிறது. ஒன்று, அம்மா சுற்றிய சங்கு. மற்றது, என் பழைய பித்தளை வளையம். நான் ஓய்வு பெற்றபோது கச்சேரியில் புதியது வந்துவிட்டதால் இதை என்னிடமே விட்டுவிட்டார்கள். கட்ட முதல் மேசையில் வைத்துக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். வளையத்தை நேரே பிடித்துச் சங்கை விட்டேன். எங்கேயும் தொடாமல் விழுந்து உருண்டது, அம்மா எட்டிப் பிடித்தாள். உன் அறை மேசையில் இரண்டையும் வைத்துக்கொள். கை தளர்கிற நாளில் நீயும் ஒருமுறை விட்டுப் பார். உன் உயிரைக் காத்த சங்குதான், என் உயிருக்கு உயிரான சங்குதான், என்றாலும் விழும். விழுந்ததை விழுந்தது என்று எழுது, ராசா.

உன்
அப்பா